ஆடாசிட்டியும் அனாமத்துக் கணக்கும்

இருங்காட்டுக்கோட்டை என்றதும் முக்கால்வாசிப் பேருக்கு ஹூண்டாய்தான் ஞாபகம் வரும். 1998-ல் முதல் சான்ட்ரோ வெளியே வந்த இடம். வேகப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு 1990-ல் திறந்த மோட்டார் பந்தயத் தடம் ஞாபகம் வரும். அதே நெடுஞ்சாலையில் பெங்களூர் பக்கமாக இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஸ்ரீபெரும்புதூர். அங்கேதான் 2006 ஜனவரியில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது, 2014 நவம்பர் 1-ம் தேதி நிறுத்தியது. ஆலை ஏன் மூடியது, வரி வழக்கு என்ன ஆனது என்பதெல்லாம் வேறு கதை. இந்தக் கட்டுரை அந்தக் காலத்து கைபேசிகள் பதிந்து வைத்த குரல்களைப் பற்றியது. அந்தக் குரல்கள் இன்றைய பொட்டியில் திறக்காதபோது யார் மேல் பழி விழுகிறது என்பதைப் பற்றியது.

அன்றைய நோக்கியாக்கள் பலவற்றில் 'ரெக்கார்டர்' என்று ஒரு சமாச்சாரம் இருக்கும். அதில் பதிந்த கோப்பின் பெயர் '.ஏஎம்ஆர்' என்று முடியும். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் அறை எடுத்துத் தங்கி ஷிஃப்ட் போகிற ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். சொந்த ஊர் தெற்கே. 2009-ல் பாட்டி பாடிய தாலாட்டு ஒன்று, செத்துப்போன செல்பேசியின் மெமரி கார்டில் கிடக்கிறது. பாட்டி இன்று இல்லை. அந்தப் பாட்டை எடுத்து, கொஞ்சம் சத்தத்தைக் கூட்டி, பின்னால் கத்தும் மிக்ஸியை அடக்கி, குடும்ப வாட்ஸப் குழுவில் போட வேண்டும். பக்கத்து அறைப் பையன் "ஆடாசிட்டி போடுண்ணே, ஓசி" என்கிறான். போடுகிறார். கோப்பைக் கொடுத்தால் இது எனக்குத் தெரியாத வகை என்று கைவிரிக்கிறது. '.ஏஎம்ஆர்' என்பதை '.எம்பி3' என்று பெயர் மாற்றிப் பார்க்கிறார். ஊஹூம். மெனுவைத் துழாவினால் 'ரா டேட்டா' என்று ஒரு வழி தெரிகிறது. அதில் திறந்தேவிட்டது! ஆனால் கேட்பது பாட்டி இல்லை, தகரக் கூரை மேல் அடிக்கிற மழை. "சாஃப்ட்வேர்ல பக்" என்று தீர்ப்பு எழுதிவிட்டு, மெமரி கார்டை வேறு வேலைக்காக ஃபார்மட் செய்துவிடுகிறார்.

தீர்ப்பு தப்பு. அந்தக் கோப்பில் பாட்டி பத்திரமாகத்தான் இருந்தார்.

பி.காம். படிக்கிறவர்களுக்கு 'பிழைத் திருத்தம்' பாடம் மறந்திருக்காது. இருப்பாய்வின் இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை என்றால், அந்த வித்தியாசத்தைத் தற்காலிகமாக அனாமத்துக் கணக்கில் போடுவார்கள். தற்காலிகமாக! பிறகு ஒவ்வொரு பிழையாகக் கண்டுபிடித்து அந்தக் கணக்கைக் காலி செய்ய வேண்டும். கண்டுபிடிக்கச் சோம்பல்பட்டு அனாமத்தை அப்படியே ஐந்தொகைக்கு இழுத்துக்கொண்டு போகிறவரைக் கணக்காளர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கட்டற்ற மென்பொருள் விஷயத்தில் 'பக்' என்ற சொல் இந்த அனாமத்துக் கணக்கு மாதிரி ஆகிவிட்டது. ஒலி கரகரத்தால் பக். வேகமாக ஓடினால் பக். பாட்டுப் பெயர் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பக். எல்லாவற்றையும் அதில் தள்ளிவிட்டு எழுந்து போவது சுலபம். பைசா கொடுக்காமல் வந்த மென்பொருள் என்பதால் திட்டுவதும் சுலபம்.

ஆடாசிட்டி ஒன்றும் அநாதைப் பிள்ளை அல்ல. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1999-ல் டொமினிக் மஸ்ஸோனியும் ரோஜர் டானன்பெர்க்கும் தொடங்கிய வேலை அது. 2000 மே மாதம் வெளியே வந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. குறைகள் இருக்கின்றன, இல்லாமல் இருக்குமா? ஆனால் அதன் மேல் விழும் புகார்களில் பெரும்பங்கு அதன் வாசலுக்கு வெளியே நடக்கிற காரியங்கள். ஒலி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் இடங்களில்தான் காரியம் கெடுகிறது. மைக் ஒரு கை. பதிந்த கருவி ஒரு கை. சுருக்குகிற குறிமுறை ஒரு கை. அதை விரிக்கிற நூலகம், திருத்துகிற மென்பொருள், மறுபடி சுருக்குகிற நிரல், கடைசியில் பாட்டைப் போடுகிற பெட்டி என்று வரிசை நீளமானது. எந்தக் கையில் கெட்டது என்று கேட்காமல் நடுவில் கண்ணுக்குத் தெரிகிறவனைப் பிடித்து அடிப்பது ஊர் வழக்கம்.

ஏ.எம்.ஆரையே எடுத்துக்கொள்ளலாம். அது பாட்டுக்காகச் செய்த குறிமுறையே அல்ல, தொலைபேசிப் பேச்சுக்காகச் செய்தது. எரிக்சன், நோக்கியா, சீமென்ஸ் மூன்றும் சேர்ந்து உருவாக்கி 1999-ல் கைபேசித் தரமாக ஏற்கப்பட்டது. விநாடிக்கு 8,000 மாதிரிகள் மட்டும் எடுக்கும். அதிகபட்சமே விநாடிக்கு 12.2 கிலோபிட். ஒரு நிமிடப் பேச்சு 100 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். (சிடி தரத்தில் அதே ஒரு நிமிடம் 10 மெகாபைட்டைத் தாண்டும்.) இவ்வளவு சுருக்குவதற்கு அது செய்கிற தந்திரம் சுவாரசியமானது. வருகிற ஒலியை மனிதத் தொண்டையிலிருந்து வருவதாக நினைத்துக்கொண்டு, தொண்டையும் வாயும் எப்படி அசைந்தால் இந்தச் சத்தம் வரும் என்று 20 மில்லிவிநாடிக்கு ஒரு முறை கணக்குப் போட்டு, அந்தக் கணக்கை மட்டும் எழுதிவைக்கிறது. பேச்சுக்கு அபாரம். பாட்டியின் தாலாட்டுக்கும் பரவாயில்லை. பறையையும் நாதஸ்வரத்தையும் அதில் பதிந்தால் கதை கந்தல். அவை தொண்டை இல்லையே! கோயில் கொடையில் பதிந்த மேளம் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போல இருக்கிறதென்றால், பதிந்த நொடியிலேயே போனது போய்விட்டது. எந்த 'நாய்ஸ் ரிமூவல்' வித்தையும் அதைத் திருப்பித் தராது.

ஆனால் கோப்பு திறக்கவே இல்லை என்பது வேறு நோய். அதற்கு மருந்து உண்டு. ஏ.எம்.ஆரை விரிக்கத் தெரிந்த எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டற்ற நூலகத்தைத் தனியாக நிறுவினால் ஆடாசிட்டி அதைக் கையில் பிடித்துக்கொள்ளும். 32 பிட் ஆடாசிட்டிக்கு 32 பிட் நூலகம், 64-க்கு 64. மாற்றி நிறுவினால் நூலகம் வட்டில் இருந்தும் 'காணவில்லை' என்றுதான் சொல்லும். பதிப்பு எண்ணும் பொருந்த வேண்டும். பொருந்தாமல் போனதைத்தான் பாதிப் பேர் பக் என்கிறார்கள்.

சரி, அந்த நூலகத்தைக் கூடவே கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே? இங்கேதான் விஷயம் கணினித் துறையை விட்டு வணிகச் சட்டத்துக்குள் வருகிறது. இந்தக் குறிமுறைகள் பலவற்றின் மேல் காப்புரிமை உட்கார்ந்திருந்தது. அதனால்தான் எஃப்எஃப்எம்பெக்கைச் சேர்த்துத் தர முடியாது என்று ஆடாசிட்டிக்காரர்களே கையேட்டில் எழுதிவைத்தார்கள். எம்பி3-க்கும் இதே கதிதான். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனமும் தாம்சனும் (பின்னாளில் டெக்னிகலர்) எம்பி3-க்கு உரிமத்தொகை வாங்கிக்கொண்டிருந்தன. 1998-ல் தொடங்கிய லேம் என்ற கட்டற்ற எம்பி3 நிரல், தன்னை மூலநிரலாக மட்டுமே வெளியிட்டுக்கொண்டது. அதன் பெயரின் விரிவே 'லேம் ஒரு எம்பி3 குறியாக்கி அல்ல' என்பதுதான். சட்டத்துக்குப் பயந்து வைத்த பெயரா, குறும்பா என்று கேட்டால் இரண்டும்! ஆக, ஆடாசிட்டி போட்டவர் எம்பி3-ஆகச் சேமிக்க வேண்டுமென்றால் எங்கோ போய் ஒரு டி.எல்.எல். கோப்பைத் தரவிறக்கி, அது இருக்கும் இடத்தைக் கைகாட்ட வேண்டும். கல்லூரி ஆண்டுவிழாவுக்கு நாடக வசனம் பதிந்தவர்கள் அந்த டி.எல்.எல். கேட்டு அலைந்த கதை ஊருக்கு ஊர் உண்டு. எம்பி3 உரிமத் திட்டம் 2017 ஏப்ரல் 23-ல் முடிவுக்கு வந்தது. 2019-ல் வெளிவந்த ஆடாசிட்டி 2.3.2 பதிப்பில் லேம் உள்ளேயே வந்துவிட்டது. நிரலாளர் ஒருவர் ராத்திரி கண்விழித்துச் சரிசெய்த பிழை அல்ல அது. காலாவதியான காப்புரிமை சரிசெய்த பிழை.

இந்தியாவில் கணினி நிரலுக்குக் காப்புரிமை கிடையாதே என்று பிசினஸ் லா படித்தவர்கள் கேட்கலாம். காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, நிரல் என்ற அளவில் நிரலுக்குக் காப்புரிமை இல்லை என்கிறது. 2004 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டம் அதைத் தளர்த்தப் பார்த்தது, 2005-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம் அந்தத் தளர்வை ஏற்கவில்லை. காகிதத்தில் நல்ல செய்திதான். ஆனால் 2013-ல் டெல்லி உயர்நீதிமன்றத்தில் எரிக்சன் மைக்ரோமேக்ஸ் மேல் தொடுத்த வழக்கில் சொல்லப்பட்ட காப்புரிமைகளில் இதே ஏ.எம்.ஆர். சம்பந்தப்பட்டவையும் இருந்தன. கருவியோடு சேர்ந்து வரும்போது கதை மாறுகிறது. பாட்டியின் தாலாட்டு திறக்காமல் போனதற்குப் பின்னால் இத்தனை வக்கீல்கள் நிற்கிறார்கள் என்று தெரிந்தால், அறையில் உட்கார்ந்து ஆடாசிட்டியைத் திட்டியவருக்குக் கொஞ்சம் பரிதாபம்கூட வந்திருக்கும் :-)

அந்த மழைச் சத்தத்துக்கும் விளக்கம் இருக்கிறது. 'ரா டேட்டா' வழி என்பது "கோப்பில் இருப்பது சுருக்காத வெறும் ஒலி எண்கள், அப்படியே படி" என்று ஆணையிடுவது. சுருக்கிய கோப்பை அப்படிப் படித்தால் இரைச்சல்தான் வரும். சமையல் குறிப்பைப் படித்துப் பார்க்காமல் காகிதத்தையே குழம்பில் போட்ட மாதிரி. பெயரை மாற்றுவதும் வீண் வேலை. வெண்டைக்காய் மூட்டையில் முருங்கைக்காய் என்று சீட்டு ஒட்டினால் உள்ளே காய் மாறாது. கோப்பு தன் உண்மைப் பெயரைத் தன் முதல் சில பைட்டுகளில் தானே எழுதி வைத்திருக்கிறது. ஒரு நகல் எடுத்து நோட்பேடில் திறந்தால் (சேமித்துவிடக் கூடாது!) ஏ.எம்.ஆர். என்றால் அந்த மூன்று ஆங்கில எழுத்துகள் முதல் வரியிலேயே தெரியும். வேவ் கோப்பு 'ஆர்ஐஎஃப்எஃப்' என்று தொடங்கும், ஆக் கோப்பு 'ஓஜிஜிஎஸ்' என்று தொடங்கும். சான்றுச்சீட்டைப் பார்க்காமல் பேரேட்டை மட்டும் பார்த்துத் தணிக்கை செய்யக்கூடாது என்று வகுப்பில் சொல்வதும் இதைத்தான்.

வேகக் கோளாறுக்கு வரலாம். வீடியோக் கருவிகள் விநாடிக்கு 48,000 மாதிரி எடுக்கும், சிடி 44,100 எடுக்கும். 48,000-ல் பதிந்ததை எவனோ ஒரு நிரல் 44,100 என்று நம்பிப் போட்டால் ஒரு மணி நேரப் பேச்சு 65 நிமிடம் 18 விநாடி ஓடும். குரல் கனத்து, பேசுகிறவர் லேசாகத் தூங்கி வழிவது போலத் தோன்றும். சுமார் ஒன்றரை அரைச்சுரம் இறங்கியிருக்கும், கச்சேரி என்றால் சுருதிப் பெட்டிக்காரர் மேல் சந்தேகம் வரும். 8,000-ஐ 44,100 என்று நம்பினாலோ ஐந்தரை மடங்கு வேகம், அணில் கீச்சிடும். இந்த இரண்டு நோய்க்கும் ஒரே ஒரு எண்ணைத் திருத்தினால் போதும், ஒலியில் துளிகூட சேதமில்லை. காதால் கேட்கும்போது மிகப் பயங்கரமாக இருக்கும் பிழைதான் பல சமயம் மிக அற்பமானது.

இதற்கு நேர் எதிர் வகையும் உண்டு. பந்தயத் தடத்தின் ஓரத்தில் நின்று கைபேசியில் பைக் சத்தத்தைப் பதிகிறார்கள். வீட்டுக்கு வந்து கேட்டால் கிழிந்த தகரம். எம்பி3 ஆக்கியதால் கெட்டது என்று வழக்கு. ஆடாசிட்டியில் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். மலைமுகடு போல இருக்க வேண்டிய அலையின் தலைகள் கத்தியால் சீவியது போலத் தட்டையாக இருந்தால், மைக் தாங்காமல் வெட்டியிருக்கிறது. குறியாக்கம் நடப்பதற்கு முன்பே கொலை நடந்தாயிற்று. 128-க்குப் பதில் 320 கிலோபிட்டில் சேமித்தால் அந்தக் கிழிசல் இன்னும் துல்லியமாகக் கேட்கும், அவ்வளவுதான்.

ஆக, ஏற்றுமதிக்கு முன்னும் பின்னும் ஒப்பிடாமல் குறியாக்கத்தைக் குற்றம் சொல்லக்கூடாது. ஒப்பிடுவதற்கு அழகான சோதனை ஒன்று உண்டு. சேமித்த கோப்பை மறுபடி உள்ளே கொண்டுவந்து, 'இன்வெர்ட்' கொடுத்துத் தலைகீழாக்கி, அசலோடு சேர்த்துப் போட்டால், இரண்டும் ஒன்றேயானால் சுத்த மௌனம் மிஞ்சும். மிஞ்சுகிற சத்தம்தான் வித்தியாசம். வணிகவியல்காரர்கள் இதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். வங்கிச் சரிகட்டும் பட்டியலேதான்! ரொக்க ஏடும் வங்கி அறிக்கையும் ஒத்துப்போகவில்லை என்றால் யாரோ திருடிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. கொடுத்த காசோலை இன்னும் பணமாகாமல் இருக்கலாம். ஒலியிலும் அப்படி ஒரு 'இன்னும் வராத காசோலை' இருக்கிறது. லேம் நிரல் தொடக்கத்தில் 576 மாதிரி தாமதம் சேர்க்கும், விரிக்கிற நிரல் தன் பங்குக்கு 529 சேர்க்கும். மொத்தம் 1,105 மாதிரி, அதாவது 25 மில்லிவிநாடி. லேம் இந்தக் கணக்கைக் கோப்பின் தலைப்பில் எழுதியும் வைக்கிறது, படிக்கத் தெரிந்த நிரல் வெட்டிவிட்டுப் போடும். படிக்காத நிரலில் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே சின்ன விக்கல் கேட்கும். சோதனையிலும் இந்த 1,105-ஐத் தள்ளி நகர்த்தாமல் கூட்டினால் இரண்டு மடங்கு குழப்பம் வரும், பிழை இருப்பது போலத் தோன்றும்.

சுருக்காத வேவ் கோப்பில்கூட இந்தச் சோதனை முழு மௌனம் தராது என்று கண்டுபிடித்துக் குதிக்கிறவர்கள் உண்டு. அதுவும் பிழையல்ல. ஆடாசிட்டி உள்ளுக்குள் 32 பிட் தசமத்தில் கணக்கு வைக்கிறது. 16 பிட்டுக்கு இறக்கும்போது பைசாவை ரூபாயாக முழுதாக்குவது போல ஒன்று செய்தாக வேண்டும். ஒரே மாதிரி முழுதாக்கினால் மெல்லிய ஒலிகளில் கரகரப்பு ஒரு ஒழுங்கோடு தெரியும். அதை மறைக்க வேண்டுமென்றே கொஞ்சம் இரைச்சல் தூவுகிறார்கள். 'டிதர்' என்று பெயர். வேண்டாமென்றால் அமைப்புகளில் நிறுத்திக்கொள்ளலாம். தெரிந்தே செய்கிற முழுதாக்கலை மோசடி என்று எழுதுகிற தணிக்கையாளர் வேலையில் நீடிக்கமாட்டார்.

நிஜமான நஷ்டம் வேறொன்று. எம்பி3-ஐத் திறந்து, இரண்டு விநாடி வெட்டி, எம்பி3-ஆகவே சேமித்து, மறுநாள் மறுபடி திறந்து... ஒவ்வொரு முறையும் முழுக் கோப்பும் விரிந்து மறுபடி சுருங்குகிறது. ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து அதை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் ஹால் டிக்கெட் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். வேலை முடியும்வரை ஃப்ளாக்கிலோ வேவிலோ வைத்துக்கொண்டு கடைசியில் ஒரே ஒரு முறை சுருக்குவதுதான் சரி. தேய்மானத்தை ஆண்டுக்கு ஒரு முறை எழுதினால் போதும், தினமும் எழுத வேண்டியதில்லை.

இவ்வளவையும் கழித்த பிறகு, மென்பொருளின் பிழை என்றே சொல்லத்தக்க ஒரு மிச்சம் நிற்கும். தமிழர்களைப் பொறுத்தவரை அந்த மிச்சம் பெரும்பாலும் ஒலியில் இருக்காது, ஒலிக்குப் போட்ட பெயரில் இருக்கும். குறிமுறை என்ற அதே சொல் எழுத்துக்கும் உண்டல்லவா!

எம்பி3-இல் பாட்டுப் பெயர் எழுதும் முதல் முறை, ஐடி3-யின் முதல் வடிவம், 1996-ல் வந்தது. கோப்பின் வாலில் 128 பைட். அதில் தலைப்புக்கு 30 பைட். ஆங்கிலத்தில் 30 எழுத்து. யூ.டி.எஃப்.-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் ஆகும். 'இருங்காட்டுக்கோட்டை' என்ற ஊர்ப் பெயரில் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் சேர்த்து 19 குறியீடுகள், 57 பைட். 30-ல் வெட்டினால் 'இருங்காட்ட' என்று நிற்கும். ஊர் பாதி வழியில் இறக்கிவிடப்பட்டது. பின்னால் வந்த ஐடி3 வடிவங்கள் இந்த நீளப் பிரச்சினையைத் தீர்த்தன. ஆனால் எழுதுகிறவர் புதிய முறையில் எழுத, படிக்கிற பெட்டி பழைய முறையை மட்டும் தெரிந்து வைத்திருந்தால் பலன் ஒன்றுதான். பென் டிரைவில் தமிழ்ப் பெயரோடு பாட்டு ஏற்றிக் கார் ஸ்டீரியோவில் செருகிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எந்த நிறுவனக் கார் என்ற பேதமெல்லாம் கிடையாது.

இதில் மூன்று விதமாகக் கெடும். மூன்றும் வேறு வேறு நோய், ஒரே மருந்து கொடுத்தால் ஆள் காலி. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பெட்டியில் தமிழ் எழுத்துரு இல்லை, தகவல் பத்திரம். தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'வும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாற்றி மாற்றி வந்தால், யூ.டி.எஃப்.-8 எழுத்தை மேற்கத்தியக் குறிமுறையாகப் படிக்கிறார்கள். தகவல் இப்போதும் பத்திரம், படிக்கும் முறையை மாற்றினால் தமிழ் எழுந்து வரும். திஸ்கி, டாப், டாம் என்று எழுத்துரு மாற்றி மாற்றி வலைப்பதிவு படித்த தலைமுறைக்கு இது பழகிய வித்தை. மூன்றாவதுதான் ஆபத்து: வரிசையாகக் கேள்விக்குறி. அது வந்தால் எழுத்து அழிந்தேவிட்டது. யூனிகோடுக்கு முந்தைய விண்டோஸ் குறிமுறைப் பக்கங்களில் ஜப்பானிய மொழிக்கு இடம் இருந்தது, தமிழுக்குத் தனிப் பக்கமே கிடையாது. யூனிகோடு வழியாக மட்டும்தான் தமிழ் உள்ளே வந்தது. எனவே பழைய முறையில் எழுதிய ஒரு நிரலிடம் தமிழ்க் கோப்புப் பெயர் போனால், தனக்குத் தெரியாத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி போட்டு எழுதிவிடும். ஜப்பானியர் அதே நிரலைத் தன் ஊர் விண்டோஸில், தன் மொழிப் பெயரோடு, பிரச்சினை இல்லாமல் ஓட்டியிருப்பார். ஆங்கிலேயருக்குப் பிழை இருப்பதே தெரிந்திருக்காது.

கட்டுரையின் புகாரே இதுதான். இந்த வகைப் பிழையைப் பிட்ஸ்பர்க்கில் உட்கார்ந்திருப்பவர் ஒருநாளும் பார்க்கமாட்டார். அவர் 'தாலாட்டு.எம்பி3' என்று கோப்புக்குப் பெயர் வைக்கப்போவதில்லை. தமிழில் பெயர் வைக்கிறவர் பிழையைப் பார்க்கிறார், 'இங்கிலீஷ்லயே வெச்சுடு, தொல்லை இல்ல' என்று நண்பனுக்கு அறிவுரை சொல்கிறார், போய்விடுகிறார். பிழை அங்கேயே இருக்கிறது. தமிழ்க் கோப்புப் பெயரைத் தமிழரே கைவிட்ட பிறகு, தமிழை ஆதரிக்கவில்லை என்று மென்பொருள்மேல் குறைபடுவதில் என்ன நியாயம்?

கார் ஆலைகளில் 'ஆண்டான்' என்று ஒரு முறை உண்டு. (ஆண்டான் அடிமை சமாச்சாரம் இல்லை. ஜப்பானிய மொழியில் விளக்கு என்று பொருள்.) டொயோட்டா பரப்பியது. வரிசையில் நிற்கும் கடைக்கோடித் தொழிலாளி ஒரு குறையைக் கண்டால் கயிற்றை இழுக்கலாம். விளக்கு எரியும், ஆள் வருவார், தேவைப்பட்டால் வரிசையே நிற்கும். பார்த்தவன் சொல்லாமல் விட்டால் குறை அடுத்த ஆளின் கைக்குப் போய், கடைசியில் வாங்கியவன் வீட்டுக்குப் போகும் என்பதுதான் அதன் கணக்கு. இந்த நெடுஞ்சாலையோரம் இருக்கும் இளைஞர்களில் ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தரக் கட்டுப்பாடு என்பது பாடப்புத்தகச் சொல் இல்லை, தினப்படி வேலை. எந்தத் தொகுதி, எந்த நேரம், எந்த இயந்திரம் என்று எழுதிப் பழகிய கை. அந்தக் கை வீட்டுக்கு வந்து கணினி முன் உட்கார்ந்ததும் 'வேலை செய்யல' என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொள்வதுதான் புரியவில்லை.

ஆடாசிட்டியின் பிழைப் பட்டியல் கிட்ஹபில் பொதுவில் இருக்கிறது. எழுத வேண்டியது அதிகமில்லை. எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், என்ன செய்தபோது, என்ன வரவேண்டும், என்ன வந்தது. கூடவே பிழையைக் காட்டுகிற ஒரு பத்து விநாடிக் கோப்பு. அந்தக் கோப்புதான் முக்கியம், மற்றதெல்லாம் அதற்கு உறை. ஆங்கிலம் தடுமாறினால் தடுமாறட்டும். அங்கே எழுதுகிறவர்களில் ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர், பிரேசில்காரர் எல்லோருமே தடுமாறித்தான் எழுதுகிறார்கள். கூச்சம் விடவில்லை என்றால் சென்னை லினக்ஸ் பயனர் குழுவில் கேட்டால் யாராவது எழுதிக் கொடுப்பார்கள். கணியம் போன்ற இதழ்கள் 2012 முதல் தமிழிலேயே இதையெல்லாம் பேசிக்கொண்டிருக்கின்றன. சொன்னால் கேட்பார்களா என்பவர்களுக்கு 2021-ஐ நினைவூட்டலாம். அந்த ஆண்டு மியூஸ் குழுமம் ஆடாசிட்டியைக் கையில் எடுத்தது, பயன்பாட்டுத் தகவல் திரட்டும் வசதி ஒன்றைச் சேர்ப்பதாக அறிவித்தது. பயனர்கள் காரணத்தோடு எதிர்த்தார்கள். திட்டம் திரும்பப் பெறப்பட்டது. அதில் தமிழில் கோப்புப் பெயர் வைக்கிறவர்கள் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்களோ!

பழைய நோக்கியா இன்னும் பீரோ அடியில் கிடக்கிறவர்கள், பேட்டரி உப்பியிருந்தால் முதலில் அதைக் கழற்றிவிட வேண்டும். மெல்லிய முனை சார்ஜருக்கு ரிச்சி தெருவில் தேடிப் பார்க்கலாம். பதிவு மெமரி கார்டில் இருந்தால் சார்ஜரும் தேவையில்லை, கார்டு ரீடர் போதும். கார்டில் இருப்பதை இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிட்டு, நகலைத்தான் திறக்க வேண்டும். முதல் தடவை மழைச் சத்தம் கேட்டால் கார்டை ஃபார்மட் செய்துவிடாமல் இருந்தால் சரி.